மலைப் பாதையைச் சொன்னவன்

நம் புதன்கிழமைப் பெரியவர்கள் கூட்டத்தில் எல்லாரும் சின்ன வயசு ஞாபகம் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். நான் மட்டும் பாக்கி. யாழ்ப்பாணத்து டீச்சரம்மா போன வாரம் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக்கொண்டே குத்தினார். "அண்ணை, எப்ப பாத்தாலும் உந்த வேன் கதையைத்தானே கதைக்கிறியள். சின்னனா இருந்த கதை ஒண்டு எழுதுங்கோவன்." எல்லாரும் சிரித்தீர்கள். சரி, எழுதுகிறேன். ஆனால் வேன் கதையைச் சொல்லாமல் என்னால் ஆரம்பிக்க முடியாது.

நான் மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. ஆனால் நாம் குடியேறிய இந்த ஊரில், எல்லர்ஸ்லிப் பக்கம் ஆபீஸ் எதற்காவது போனால் கொஞ்சம் காலடியைப் பாருங்கள், அது நான் விரித்த கார்ப்பெட்டாக இருக்கும். கார்ப்பெட்டை இழுத்துப் பிடிக்க ஒரு கருவி உண்டு. முட்டி போட்டு உட்கார்ந்து, அதே முட்டியால் எட்டி எட்டி உதைக்க வேண்டும். முப்பது வருஷம் உதைத்தேன். முட்டி இரண்டும் போனது, த்ரீ கிங்ஸில் வீடு வந்தது. மார்ட்கேஜ் கிடையாது. ஐந்து வேன் ஓடுகிறது, ஐந்திலும் என் பெயர். உங்களில் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்கும் நான்தான் கார்ப்பெட் போட்டேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

வெட்கப்பட வேண்டியது வேறு. அதற்குத்தான் வருகிறேன்.

நீங்கள் எல்லாம் நம் ஆட்கள் நடித்த கத்திச்சண்டைப் படம் பார்த்து வளர்ந்தவர்கள். நான் வளர்ந்தது சீனர்களின் வாள் கதையில். மலேசியாவில், ஈயச் சுரங்கம் சூழ்ந்த ஒரு ஊரில், அப்பா அரசாங்கத் தண்ணீர்த் தொட்டிக்குக் காவல்காரர். தொட்டிக்குக் கீழேயே எங்கள் குவார்ட்டர்ஸ். அடுத்தாற்போல் சீனர்களின் புதுக்கிராமம். புதுக்கிராமம் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கம்யூனிஸ்டுகள் காட்டில் இருந்த காலத்தில், அவர்களுக்குச் சோறு போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் சீனக் குடும்பங்களை முள்வேலிக்குள் கொண்டுவந்து வைத்த ஊர். நான் பிறந்து நடக்கத் தொடங்கியபோது வேலியில் பாதி துருப்பிடித்துக் கிடந்தது. மீதிப் பாதியில் துணி காயப் போடுவார்கள்.

என் அக்கா எனக்கு நாலு வயசு மூத்தவள். அவளைப் பள்ளியில் சேர்க்கும்போது தமிழ்ப் பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ரப்பர் தோட்டத்துக்குள். அந்தப் பாதையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த காலம். அப்பா பயந்துபோய், கூப்பிடு தூரத்தில் இருந்த சீனப் பள்ளியில் சேர்த்துவிட்டார். என் முறை வந்தபோது பாதை அமைதியாகிவிட்டது, நான் தமிழ்ப் பள்ளிக்குப் போனேன். இப்படித்தான் ஒரே வீட்டில் அவளுக்குச் சீன எழுத்தும் எனக்குத் தமிழ் எழுத்தும் வாய்த்தது. அவள் எழுதினால் எங்கள் வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. அம்மா அந்த நோட்டைப் பார்த்து, "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்பாள். ஆனால் வகுப்பில் அக்காதான் முதல். சீனப் பிள்ளைகளையெல்லாம் தாண்டி, எங்கள் கறுப்பு அக்கா முதல்.

புதுக்கிராமத்து முடிவெட்டுக் கடை வாசலில் ஒரு கிழவர் கதைப் புத்தகம் வாடகைக்குக் கொடுப்பார். அப்பேக் என்று கூப்பிடுவோம், சீனக் கிழவர்களை அப்படித்தான் கூப்பிடுவது. ஒரு வாள் கதை ஒரே புத்தகமாக இருக்காது. மெல்லிசு மெல்லிசாக இருபது, இருபத்தைந்து பாகம். அவற்றுக்கு அப்பேக் பழைய காலண்டர் அட்டையை ஒட்டி, ஓரத்தில் துளை போட்டு, கயிற்றில் கோத்துத் தொங்கவிடுவார். அங்கேயே பலகையில் உட்கார்ந்தும் படிக்கலாம், வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். அந்தப் புத்தகங்களில் முடிவெட்டுக் கடையின் தலைத் தைல வாசனை அடிக்கும். பக்கம் திருப்பும் இடத்தில் ஆயிரம் பேருடைய விரல் அழுக்கு. சில பக்கத்தில் துண்டு முடிகூட ஒட்டியிருக்கும். அட்டையின் உள்பக்கம் போன வருஷத்துத் தேதிகள், சிவப்பில் ஞாயிற்றுக்கிழமைகள். இன்றைக்கு யாராவது அந்த அட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால் என் வேன் ஒன்றைச் சாவியோடு கொடுத்துவிடுவேன்.

தண்ணீர்த் தொட்டி நான்கு இரும்புக் காலில் நிற்கும். அடியில் எப்போதும் சொட்டுச் சொட்டாக ஈரம், பாசி, குளிர்ச்சி. பள்ளி விட்டு வந்ததும் அங்கேதான் நானும் அக்காவும். அவள் முதலில் ஒரு வரியைச் சீனத்தில் சத்தமாகப் படிப்பாள். அது பாட்டுப் போல இருக்கும். பிறகு தமிழில் சொல்வாள். அந்த வீரர்கள் வாழும் உலகத்துக்குச் சீனத்தில் ஆறு, ஏரி என்றுதான் பெயராம். அக்கா அதை 'ஆத்து ஏரி உலகம்' என்றாள். கூரைக்குக் கூரை பறப்பதை 'எடை இல்லாத நடை' என்றாள். வாள் தொடாமலே ஆள் விழுவதை 'உள்மூச்சு' என்றாள். எங்கே போய் இந்தச் சொல்லையெல்லாம் கண்டுபிடித்தாள் என்று இப்போது யோசிக்கிறேன். அந்த வீட்டில் தமிழ்கூட ஒழுங்காகப் படிக்காதவள் அவள்.

அந்த வருஷம் நாங்கள் படித்த கதையைச் சொல்கிறேன். பனி மலைமேல் ஒரு குரு. அவருக்கு ஐந்து சீடர்கள். அவர்களுக்குப் பெயர் முக்கியமில்லை, பெரிய சீடன், இரண்டாம் சீடன் என்று வரிசைதான். நாலாவது ஒரு பெண். ஐந்தாவது சின்னப் பையன், கடைசிச் சீடன். ராஜாவின் அதிகாரிகள் குருவைத் தேடுகிறார்கள். மலைக்குப் போகும் பாதை ஐந்து சீடர்களுக்கு மட்டும் தெரியும். ஒரு நாள் பட்டாளம் நேராகப் பாதை பிடித்து மேலே வந்து குருவைக் கொன்றுவிடுகிறது. ஐவரில் ஒருவர் சொல்லியிருக்கிறார். யார்? கதை முழுக்க இதுதான் கேள்வி. மொத்தம் இருபத்து நான்கு பாகம்.

அக்கா நாலாம் சிஷ்யை, நான் கடைசிச் சீடன். சாம்பிராணிக்குப் பதில் கொசுவத்திச் சுருளைக் கொளுத்தி வைத்து, பாசித் தரையில் முட்டி போட்டு, மூன்று தரம் தலையை முட்டி நான் சத்தியம் செய்தேன். உயிரே போனாலும் சொல்ல மாட்டேன். அக்கா ஒரு பழைய ஆரஞ்சுப் பெட்டிப் பலகையைச் சீவி எனக்கு வாள் செய்து கொடுத்தாள். பிடியில் ஒரு சீன எழுத்தை மையால் எழுதினாள். "என்னக்கா இது?" என்று கேட்டேன். "வாயை மூடு-ன்னு எழுதியிருக்கு" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாளா, உண்மையாகவே அதுதானா, இன்றுவரை தெரியாது.

நடுவில் அந்தக் கதையே படமாக வந்தது. கறுப்பு வெள்ளை, மூன்று பாகம். தகரக் கூரைக் கொட்டகை, மழை பெய்தால் வசனம் கேட்காது. அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு எங்களைக் கூட்டிப் போனாள். வாளிலிருந்து மின்னல் புறப்படும், அந்த மின்னலைப் படச்சுருளின் மேல் யாரோ கையால் கீறியிருப்பார்கள். ஆள் பறக்கும்போது கயிறு தெரியும். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். அக்கா என் காதில், "இப்படி இல்லடா. புத்தகத்துல அவன் பேசவே மாட்டான், பார்ப்பான், அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முன்வரிசைச் சீனர் ஒருவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் அவருக்கும் சீனத்தில் ஏதோ சொன்னாள். அவர் சிரித்துத் தலையாட்டினார். அந்தக் கொட்டகையில் அன்று எனக்கு என் அக்காளைப் பற்றி இருந்த பெருமை, பிறகு என் ஐந்து வேனைப் பற்றியும் வந்ததில்லை. மூன்றாம் பாகம் மட்டும் எங்கள் ஊருக்கு வரவே இல்லை. அதனால் சொன்னவன் யார் என்று படத்திலும் தெரியவில்லை.

அந்தப் பெருமைதான் கெடுத்தது.

அப்பாவுக்கு மேலே ஒரு மண்டோர், மேஸ்திரி மாதிரி, நம் ஆள்தான். மாதம் ஒரு தரம் தொட்டியைப் பார்க்க வருவார். வந்தால் எங்கள் வீட்டில் தேத்தண்ணி. அன்று அப்பா பம்பு அறையைத் திறக்கப் போயிருந்தார். அக்கா பள்ளியில். வருஷக் கடைசி, ஆறாம் வகுப்பு முடியும் நேரம், டவுனில் இருக்கும் சீன இடைநிலைப் பள்ளியில் இடம் கிடைத்துக் கடிதமும் வந்திருந்தது. மண்டோர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு என் கையைப் பார்த்தார்.

"என்னடா அது?"

"வாள்."

"ஓஹோ. நீ யாரு, சிப்பாயா?"

எனக்குச் சுருக்கென்றது. "சிப்பாய் எங்க எதிரி. நான் கடைசிச் சீடன். எங்க குரு மலைமேல ஒளிஞ்சிருக்காரு. அரசாங்கத்துப் பட்டாளம் தேடுது. பாதை எங்க ஆளுங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

மண்டோர் சிரித்தார். "மலைமேல இருக்காரே, சோத்துக்கு என்ன பண்ணுவாரு?"

"கிராமத்து ஆளுங்க கொண்டு போவாங்க. அரிசிய மூங்கிலுக்குள்ள போட்டு மறைச்சு."

அவர் சிரிப்பு நின்றது. எனக்கு அது புரியவில்லை. கதை பிடித்துப் போய்விட்டது போல என்று இன்னும் நிமிர்ந்து நின்றேன்.

"பட்டாளம் உன்னப் பிடிச்சா?"

"நாக்கைக் கடிச்சிக்கிட்டுச் செத்துருவேன். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யாருகிட்ட சத்தியம் பண்ணின, ஐயா?" குரல் மெதுவாக, ரொம்பப் பிரியமாக.

"அக்காகிட்ட. எல்லாம் புத்தகத்துல இருக்கு. சீனப் புத்தகம். அக்கா மட்டும்தான் படிப்பா. வாங்க காட்டுறேன், கட்டிலுக்கு அடியில இருக்கு."

என் வயசு ஆட்களே, காடு அடங்கிவிட்டது என்று அரசாங்கம் சொல்லிச் சில வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அரிசியை மூங்கிலுக்குள்ளும் சைக்கிள் குழாய்க்குள்ளும் ஒளித்துக் காட்டுக்குக் கொண்டு போனதற்காக ஆட்களை லாரியில் ஏற்றியதை மண்டோரும் அப்பாவும் கண்ணால் பார்த்தவர்கள். அவர்கள் காதில் நான் சொன்னது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மலை, ஒளிந்திருக்கும் தலைவர், தேடும் பட்டாளம், அரிசி, சத்தியம், சீன எழுத்து. அதுவும் ஊருக்கே தண்ணீர் போகும் தொட்டிக்கு அடியில்.

மண்டோர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்தார். பம்பு அறை வாசலில் அப்பாவிடம் ரொம்ப நேரம் பேசவில்லை. நான் கேட்டது கடைசி வாக்கியம் மட்டும். "நான் எதையும் பாக்கல. நாளைக்கு நான் வர்றப்ப வீட்டுல ஒரு காகிதம் இருக்கக் கூடாது."

அப்பா அதுவரை அக்காளை அடித்ததில்லை. அன்றும் அடித்திருக்க மாட்டார். அவள் பள்ளியிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றும் முன்னால் கேட்டார்.

"யாரு குடுத்தா இந்தப் புத்தகமெல்லாம்?"

அக்கா கட்டிலைப் பார்த்தாள். இழுத்து வெளியே போட்டிருந்தது. என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. "குப்பையில கிடந்துச்சு" என்றாள்.

அறை விழுந்தது. "யாரு குடுத்தா?"

"குப்பையில கிடந்துச்சுப்பா."

எத்தனை தரம் கேட்டார், எத்தனை தரம் இதே பதில் என்று எனக்கு எண்ணிக்கை இல்லை. அப்பேக் பெயர் அவள் வாயிலிருந்து வரவில்லை. போலீஸ் அந்தக் கிழவர் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது என்று பதின்மூன்று வயசுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அப்பேக் பெயர் எனக்கும் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

குளிக்கும் தண்ணீர் காய்ச்சும் அடுப்பு பின்பக்கம். அப்பா கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார். வாடகைப் பாகங்கள் ஆறு, பதினைந்திலிருந்து இருபது வரை. அதோடு நிற்கவில்லை. அம்மா பின்னாலேயே ஓடினாள்.

"என்னங்க, பள்ளிக்கூடத்துப் புத்தகத்த விட்டுடுங்க!"

"எதுடி பள்ளிக்கூடத்துப் புத்தகம்? காட்டு பாப்போம். உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவ சொல்றத நம்பச் சொல்றியா?"

எல்லாம் கோழி கிளறின எழுத்து. பாடப் புத்தகம், நோட்டு, முதல் பரிசுக்குக் கொடுத்த அகராதி, எல்லாம் போனது. இடைநிலைப் பள்ளிக் கடிதத்தில் பெரிய சிவப்பு முத்திரை இருந்தது. சிவப்பைப் பார்த்ததும் அப்பா அதைத்தான் முதலில் போட்டார். அட்டை பிடித்த புத்தகம் சீக்கிரம் எரியாது. கிளற ஒன்றும் அகப்படாமல் என் கையிலிருந்த வாளைப் பிடுங்கி, அதனால் குத்தி உள்ளே தள்ளினார். கடைசியில் வாளையும் போட்டார். தலைத் தைலம் எரியும் வாசனை குவார்ட்டர்ஸ் முழுக்க.

அக்கா அழவில்லை. ஒரு புத்தகம் உள்ளே போகும்போது மட்டும், "அது கணக்குப் புத்தகம்பா" என்றாள். யாரிடமோ விலாசம் சொல்வதுபோல.

அதன்பிறகு அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. சீன டீச்சர் ஒருத்தி சைக்கிளில் வந்து வாசலில் நின்றாள். உடைந்த மலாயில், மாதக் கடைசி வரைக்கும் இடம் வைத்திருப்பார்கள், வேறு கடிதம் வாங்கித் தருகிறேன் என்றாள். அப்பா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். காய்ச்சல்காரி உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பற்றி இப்போது கொஞ்சம் மாற்றி நினைக்கிறேன். அவரோடு வேலை பார்த்த பம்புக்காரர் வீட்டில் ரேஷன் கணக்குக்கு மேல் இருந்த அரிசிக்காக லாரியில் ஏற்றப்பட்டவர், பிறகு வேலைக்கே திரும்பவில்லை. அப்பாவின் பயம் பொய்ப் பயம் இல்லை. ஆனால் ஒருவரிடம், ஒரே ஒரு சீனரிடம், அந்தப் புத்தகத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டிருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். அவர் கேட்கவில்லை. கேட்டால் காட்டிக் கொடுத்ததாகிவிடும் என்றும் பயம்.

அப்பேக் ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றில் பதினான்குக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் வெறும் கயிறு தொங்கியது. அந்தப் புதுக்கிராமத்தில் அதற்குப் பிறகு யாராலும் அந்தக் கதையைத் தொடர்ந்து படிக்க முடியவில்லை. அடுத்த வருஷம் நானும் பள்ளிக்கூடத்தை விட்டேன். புத்தகத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அந்த அடுப்பு வாசனை வந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. படிப்பு ஏறவில்லை என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

அக்காளைப் பதினேழு வயசில் வேறு ஊரில் லாரி ஓட்டும் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கெட்டவர் இல்லை. நல்லவர் என்று சொல்லவும் முடியாது. நாற்பது வருஷம் அவள் ஒரு பலகாரக் கடையில் மாவு பிசைந்தாள்.

நான் கோலாலம்பூரில் ஓட்டல்களுக்குக் கார்ப்பெட் போடக் கற்றுக்கொண்டு, கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்தேன். நடுவில் அந்தக் கதை வீடியோ கேசட்டில் தொடராக வந்தது. ஒரு பெட்டி நிறையக் கேசட் எடுத்துவந்து பார்த்தேன். அதில் இரண்டாம் சீடன்தான் பாதையைச் சொன்னவன். அப்பாடா என்றிருந்தது. ஏன் அப்பாடா என்று உங்களுக்குப் புரியும். ஆனால் கூட வேலை பார்த்த சீனப் பையன், "அண்ணே, டிவிக்காரன் மாத்திட்டான்" என்றான். இன்னொருவர், எழுதியவரே பத்திரிகையில் ஒரு மாதிரி எழுதி, பிறகு புத்தகம் போடும்போது மாற்றினார் என்றார். யாரைக் கேட்டாலும் ஒரு பதில். நானும் கேட்பதை விட்டேன். அக்கா கையில் இருந்த அந்தக் காலண்டர் அட்டைப் புத்தகத்தில் எவன் சொன்னானோ அவன்தான் எனக்குச் சொன்னவன். கடைசிச் சீடனாக மட்டும் இருக்கக் கூடாது. அறுபது வருஷமாக இதுதான் என் வேண்டுதல். கோயிலில் கேட்க முடியாத வேண்டுதல்.

புருஷன் காலமான பிறகு அக்கா இங்கே வந்துவிட்டாள். அவள் மகள் மனுகாவில் நர்ஸ். போன குளிர்காலம் என் பேரன் சொன்னான், "தாத்தா, யுவர் சைனீஸ் ஸ்டோரி இஸ் ஆன். நியூ வெர்ஷன். ஃபார்ட்டி எபிசோட்ஸ்." சுவர் அளவுக்கு டிவி வாங்கியிருக்கிறேன், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். சனிக்கிழமைதோறும் மத்தியானம் நானே காரை எடுத்துப் போய் அக்காளைக் கூட்டிவந்து லெதர் சோபாவில் உட்காரவைத்தேன்.

இப்போது கயிறு தெரிவதில்லை. மின்னல் கம்ப்யூட்டரில் வருகிறது. ஆனால் பேச்சு மாண்டரின், பள்ளிக்கூடத்துச் சீனம். எனக்குத் தெரிந்தது சந்தைக் கடைக் கண்டோனீஸ். கீழே இங்கிலீஷ் ஒரு வரி, சீனம் ஒரு வரி ஓடுகிறது. இங்கிலீஷ் நான் பேசுவேன், கஸ்டமரை மடக்குவேன், ஆனால் அந்த வேகத்தில் படிக்க வராது. ஐந்து வேன்காரன் தன் சொந்த டிவிக்குக் கீழே ஓடும் ஒரு வரியைப் படிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

"படிச்சுச் சொல்லேன்க்கா. முன்ன சொல்லுவியே."

"அதெல்லாம் மறந்து போச்சுடா."

பேரனைக் கேட்டேன். "அவன் கோபமா இருக்கான் தாத்தா" என்பான், பிறகு போனுக்குள் போய்விடுவான். நான் படத்தை விட்டு அக்காளைப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் உதடு அசைந்தது. திரையில் எழுத்து வரும்போது அசைந்து, எழுத்து போனதும் நின்றது. சிரிக்க வேண்டிய இடத்தில், பேரனுக்கு முன்னால் அவள் சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் மறக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் படித்துக்கொண்டிருந்தாள்.

நாற்பதாவது பாகத்தில் சொன்னவன் பெரிய சீடன் என்று வந்தது. பனியில் முட்டி போட்டு, தலையை மூன்று தரம் தரையில் முட்டி ஒப்புக்கொண்டான். இசை வாசித்தார்கள். அக்கா உச்சுக் கொட்டினாள்.

"மாத்திட்டானுங்க."

பேரன் மாடிக்குப் போயிருந்தான். "அப்ப நீ முடிவு வரைக்கும் படிச்சிருக்கியாக்கா?"

"அப்பேக் கடைப் பலகையிலயே உக்காந்து முதல்லயே எல்லாத்தையும் முடிச்சிட்டேன். உனக்குப் படிச்சுக் காட்டத்தான் மறுபடி வீட்டுக்குக் கொண்டாந்தேன்."

எனக்காகத்தான் அந்த ஆறு பாகமும் வீட்டில் இருந்திருக்கிறது. இது அதுவரை எனக்குத் தெரியாது.

நான் சோபாவிலிருந்து இறங்கி, நானே விரித்த கார்ப்பெட்டில் முட்டி போட்டேன். முப்பது வருஷம் கூலிக்கு உதைத்த முட்டி, உயிர் போகிற வலி. "அக்கா, மண்டோர்கிட்ட நான்தான் சொன்னேன்."

"தெரியும்."

"எப்ப?"

"கட்டில் இழுத்துப் போட்டிருந்துச்சே. கட்டிலுக்கு அடியில இருந்தது உனக்கும் எனக்கும்தானே தெரியும்." அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையில் எழுதியவர், நடித்தவர் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன, அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்திரி. முட்டி போட்டுத்தானே இத்தன சம்பாதிச்ச? எனக்கு முன்னால போட்டா மட்டும் புதுசாயிடுமா?"

"நான் சின்னப் பையன்க்கா. பெருமைக்குச் சொன்னேன்."

"இப்பவும் பெருமைக்குத்தான் சொல்ற."

நான் சோபாவைப் பிடித்து எழுந்தேன். அவள் உதவிக்குக் கை நீட்டவில்லை. நீட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லுக்கா. புத்தகத்துல யாரு பாதையைச் சொன்னது? கடைசிச் சீடனா?"

அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். "அத நீ தெரிஞ்சிக்க வேணாம்" என்றாள். "எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். உங்கிட்ட குடுத்தா ஊருக்கே குடுத்த மாதிரி."

இதோ, ஊருக்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் சொன்னது சரி.

சாயங்காலம் மனுகாவுக்குக் கொண்டுபோய் விடக் கிளம்பினேன். த்ரீ கிங்ஸ் கடைத் தெருவில் சிவப்பு விளக்கு. அந்தப் பக்கம் முழுக்க இப்போது சீனக் கடைகள்தானே. மூலிகைக் கடை, நூடுல்ஸ் கடை, பல் டாக்டர், எல்லாவற்றுக்கும் பெரிய பெரிய சீன எழுத்தில் பெயர்ப் பலகை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு முனகல் கேட்டது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கேட்ட அதே பாட்டுப் போன்ற சத்தம். ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டு வந்தாள்.

நான் கேட்கலாம் என்று ரேடியோவை நிறுத்தினேன்.

அவளும் நிறுத்திவிட்டாள்.